சாக்கக்கா அழுத படம்

சாக்கக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வாய்க்காலோரத் தகரக் குடியிருப்பில் பால்குடி மறக்காத பிள்ளையிலிருந்து பல் போன கிழவர் வரை எல்லோருக்கும் அவள் சாக்கக்காதான். கிழிந்த கோணிகளை மண்டியில் எடைக்கு வாங்கி வருவாள். உதறுவாள், உள்பக்கத்தை வெளியே திருப்புவாள், ஓட்டை கண்ட இடத்தில் ஒட்டுப் போட்டுத் தைப்பாள், அடுக்கிக் கட்டி மறுபடி அதே மண்டிக்குத் தூக்கிப் போவாள். "அவன் சாக்கை அவனுக்கே விக்கிறேன். நடுவுல என் ஊசி நாலு தடவை உள்ள போய் வருது, அவ்வளவுதான் வித்தை" என்பாள்.

வித்தை அவ்வளவு மட்டும் இல்லை. சாக்கை முகர்ந்தால் போதும், அது என்ன சுமந்தது என்று சொல்லிவிடுவாள். சர்க்கரைச் சாக்கை உடனே தண்ணீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு சொந்தபந்தத்தோடு குடிவந்துவிடும். உப்புச் சாக்கு மழைக்கு முந்தின நாளே நசநசக்கும். உரச் சாக்கு விரல் தோலை உரித்துவிடும். மாவுச் சாக்கு உதறுகிற நாளில் புருவம் வரை வெளுத்துப்போய், இருமலும் வசவுமாக உட்கார்ந்திருப்பாள். வசவுக்குக் காரணமெல்லாம் வேண்டியதில்லை. எலியைத் திட்டுவாள், மண்டிக்காரனைத் திட்டுவாள், ஒன்றும் அகப்படவில்லையென்றால் நூலைத் திட்டுவாள். அவள் வாய்க்குப் பூட்டுச் செய்யும் கொல்லன் இன்னும் பிறக்கவில்லை என்று அவள் வீட்டுக்காரரே சொல்லிக்கொண்டிருந்தார், பாவம், இருந்தவரைக்கும்.

எதிர்ப்பக்கத்துக்காரி நேர்மாறு. சட்டைக் கம்பெனிக்கு அட்டைக்கு ஆறாகப் பொத்தான் தைத்துக் கொடுப்பவள்; அதனால் பொத்தான் என்றே பெயர். சாக்கக்காவைவிட நாலைந்து வயது இளையவள். நாள் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் தைப்பார்கள். ஒருத்தி கோணி ஊசியால் பேசிக்கொண்டே தைப்பாள், இன்னொருத்தி மெல்லிய ஊசியால் கேட்டுக்கொண்டே தைப்பாள். பொத்தான் வாயிலிருந்து ஒரு நாளைக்கு விழும் சொற்களை ஒரு அட்டையில் தைத்தால், அதிலும் இடம் மிச்சமிருக்கும்.

இப்போது படத்தின் கதைக்கு வருவோம். இருபது வருஷத்துக்கு முந்தைய சமாச்சாரம்.

ஒரு நாள் காலையில் படக்காரர் ஒருவர் தோளில் கேமராவோடு வந்து இறங்கினார். கூடவே, நீளக் கம்பியில் மைக்கை மாட்டிப் பிடித்தபடி ஒரு பெண். ஏழை ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று உலகத்துக்குக் காட்டப் போகிறார்களாம். சேதி பரவியதும் ஏழை ஜனங்கள் எல்லோரும் வீட்டுக்குள் ஓடித் தலை வாரிக்கொண்டார்கள். இருந்ததில் நல்ல துணியை எடுத்து உடுத்திக்கொண்டார்கள். சாக்கக்கா முகம் கழுவிப் பொட்டுத் தூசி இல்லாமல், ஒரு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வீட்டு வாசலில் நின்றாள்.

அந்த வீடு அவளும் வீட்டுக்காரரும் தகரம் தகரமாகச் சேர்த்துக் கட்டியது. சுவர்கள் பழைய விளம்பரப் பலகைகள். படுக்கிற பக்கம் ஒரு டயர் கம்பெனிக்காரன் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருப்பான். கதவு மட்டும் அசல் மரக் கதவு. இடித்த கட்டடம் ஒன்றிலிருந்து இரண்டு மைல் தூரம் தலையில் சுமந்து வந்து, நீலப் பெயின்ட் அடித்தது. இரண்டு மாதம் முன்பு அரசாங்கத்தார் குடியிருப்பைக் கணக்கெடுக்க வந்தபோது அந்தக் கதவில் சிவப்பு மையால் 112 என்று எழுதிப் போயிருந்தார்கள். அன்றைக்குச் சாக்கக்கா மண்டிக்குப் போயிருந்தாள், வீட்டுக்காரர் லாரிக்குச் சுமை ஏற்றப் போயிருந்தார். அது என்ன பெரிய விஷயம், எண் வந்துவிட்டதே என்று இருந்துவிட்டாள்.

படக்காரர் அந்தக் கதவின் முன்னால் நின்றார்.

"இது யார் வீடு?"

"என் வீடுதான் சார்! நாங்களே கட்டுனது. உள்ள வந்து பாருங்க, சும்மா வாங்க!"

அவர் எட்டிப் பார்த்தார். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா, பார்க்கிறவங்களுக்கு இதுல கஷ்டம் தெரியாதும்மா" என்றார்.

கஷ்டம் தெரிகிற இடம் எதிரிலேயே இருந்தது. பொத்தானின் குடிசை என்பது நாலு கம்பு, மூன்று பக்கம் பாலிதீன் தாள், மேலே வானம். படக்காரர் கண்ணில் வெளிச்சம் வந்தது. பொத்தானை அதன் முன்னால் உட்கார வைத்து, மைக்கை அவள் தலைக்கு மேல் நீட்டி, "உங்க கதையைச் சொல்லுங்க" என்றார். பொத்தான் மைக்கைத் தேளைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்தாள். அரை மணி நேரம் பார்த்தாள். ஒரு வார்த்தை வரவில்லை.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சாக்கக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அவ பேச மாட்டா சார். அவ கதை எனக்குத் தலைகீழாத் தெரியும், நான் சொல்றேன்" என்றாள்.

"அவங்க கதைன்னு சொல்ல வேணாம். உங்க கதை மாதிரியே சொல்லிடுங்க" என்றார் படக்காரர்.

சொன்னால் என்ன போயிற்று? வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சாக்கக்கா ஆரம்பித்துவிட்டாள். "எங்களுக்கு வீடுன்னு ஒண்ணு கிடையாது சார். புருஷன் என்னை பஸ் ஸ்டாண்டுல உட்கார வச்சுட்டு, இதோ வந்துடறேன்னு போனவர்தான். மூணு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போனா, அவர் வந்து தேடுவாரேன்னு..." சொல்லச் சொல்லக் கண்ணில் தண்ணீர் தாரைதாரையாக வந்தது. மைக் பிடித்த பெண்ணும் அழுதாள். கைவிட்டு ஓடியதாகச் சொல்லப்பட்ட புருஷன் கூட்டத்தின் பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பொத்தான் கதையில் குழந்தை கிடையாது; குழந்தையோடு அழுதால் கணக்கு உதைக்கும் என்று, பேசத் தொடங்கும் முன்பே மகளைப் பொத்தான் கையில் கொடுத்திருந்தாள். "நீங்க கொஞ்சம் அப்படித் தள்ளி நில்லுங்க" என்று படக்காரர் கை காட்ட, பொத்தான் குழந்தையோடு போய் நீலக் கதவோரம் நின்றுகொண்டாள்.

முடிந்ததும் படக்காரர் சாக்கக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "படத்தைக் கொண்டுவந்து இங்கேயே போட்டுக் காட்டுவேன்" என்றார். போனவர் போனவர்தான். ஆனால் சாக்கக்காவின் மவுசு அன்றோடு ஏறிவிட்டது. தண்ணி லாரி வரிசையில் யாராவது முண்டினால், "யார்கிட்ட? நான் படத்துல அழுதவ, தெரியுமில்ல?" என்பாள். அவள் சொல்லும் கதையில் வருஷத்துக்கு வருஷம் கேமராவின் நீளம் கூடிக்கொண்டே போயிற்று. அந்தக் கதையைப் பொத்தான் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பாள். கேட்டுக்கொண்டே தைப்பாள்.

அப்புறம் எவ்வளவோ நடந்தது. வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தார். மகள் வளர்ந்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். ஒன்பது வருஷத்துக்கு முன்பு தீப்பிடித்ததில் நீலக் கதவு உட்பட எல்லாம் கரியாயிற்று. ஜனங்கள் அதே இடத்தில் மறுபடி தகரம் நிறுத்தினார்கள். பொத்தான் இந்த முறை தன் கம்புகளைச் சாக்கக்காவின் பின்சுவரில் சாய்த்துக் கட்டிக்கொண்டாள்.

சாக்கக்காவின் குடும்ப அட்டையும் மற்றக் காகிதங்களும் தீயில் போகவில்லை, வேறு விதமாகத் தொலைந்தன. அதை வெளியே சொல்லவே அவளுக்கு வெட்கம். முன்பு ஒரு மழைக்காலத்தில் தெருவே மூழ்கி எல்லோர் காகிதமும் கூழானபோது, நம்மைப்போல் புத்திசாலி உண்டா என்று, தன் காகிதங்களைப் பாலிதீனில் சுற்றி ஒரு சாக்கின் இரட்டை ஒட்டுக்குள் வைத்துத் தைத்து மேலே தொங்கவிட்டிருந்தாள். ஒரு நாள் மண்டிக்காரன் அவசரப்படுத்த, இருக்கிற சாக்கையெல்லாம் இழுத்துக் கட்டினதில் அதுவும் போய்விட்டது. எந்த வெங்காயத்தோடு எந்த ஊருக்குப் போயிற்றோ! தான் போட்ட தையலைத் தானே பார்க்காமல் விட்டதை நினைத்து மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

இப்போது அரசாங்கம் குடியிருப்பைக் காலி செய்கிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி கட்டியாகிவிட்டது. ஒரு அறை, ஒரு அடுப்படி, உள்ளேயே குழாய். அந்தப் பழைய கணக்கெடுப்பில் எண் பெற்ற வீட்டுக்காரர்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று. மற்றவர்கள் மாதக் கடைசிக்குள் இடத்தை விட்டுப் போக வேண்டும். பதிவேட்டில் 112 என்ற எண் இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "வீடு பூட்டியிருந்தது" என்று இருந்தது.

"அக்கம்பக்கத்துச் சாட்சியெல்லாம் செல்லாதும்மா. எல்லாரும் எல்லாருக்கும் சாட்சி சொல்றாங்க" என்றார் முகாம் அலுவலகத்து மேடம். "அந்த வருஷம் அந்த வீட்டுல நீங்க இருந்தீங்கன்னு ஏதாவது காட்டுங்க. வெள்ளிக்கிழமை கடைசி."

பொத்தானுக்கு அந்தக் கவலைகூட இல்லை. எண் எழுத வந்தவர்கள் கதவில்தான் எழுதினார்கள். அவளுக்குக் கதவே கிடையாது, அதனால் எண்ணும் கிடையாது. பதிவேட்டைப் பொறுத்தவரை அவள் பிறக்கவே இல்லை.

"நீ என்னடி பண்ணப் போறே?" என்று சாக்கக்கா கேட்டாள்.

"எங்கயாவது போயிக்கிறேன்க்கா."

"எங்கயாவதுன்னா எங்க? அப்படி ஒரு ஊர் இருக்கா? பஸ்ல போர்டு போட்டிருக்கானா?" என்று எரிந்து விழுந்தாள். எனக்குக் கிடைத்தால் நீயும் வந்துவிடு என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஒரே அறை. மகள் பிரசவத்துக்கு வந்தால் எங்கே படுப்பது, மாப்பிள்ளை என்ன நினைப்பார்? சொல்லை அப்படியே விழுங்கிவிட்டாள். பொத்தான் அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மகள் போன் செய்தாள். குரல் உடைந்திருந்தது. "அம்மா, அந்தப் படம் கிடைச்சிருச்சு! மூணு நாட்டுல பரிசு வாங்கியிருக்கு. தொடங்கினதுமே உன் முகம்தாம்மா. எவ்வளவு சின்னப் பொண்ணா இருக்கே! எனக்கு மேல பார்க்க முடியல, உடனே உனக்குப் போட்டேன். நாளைக்கு அந்த மேடம் நம்பர் குடு, அனுப்பிடறேன். வருஷமும் போட்டிருக்கு, நம்ம வீடும் கண்டிப்பா இருக்கும்."

சாக்கக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குப் பேசிய பொய் அவளுக்கு மறக்கவில்லை. ஆனால் பகல் முழுக்க எடுத்தார்களே, கதவு முன்னால் தான் நின்றதும் இருக்காதா என்ன?

வெள்ளிக்கிழமை காலையில் பொத்தானையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மேடம் நல்ல மாதிரி. நாலு நாளாக இதே வேலையில் உட்கார்ந்து கண் சிவந்துபோயிருந்தது. மகள் அனுப்பியதைக் கம்ப்யூட்டரில் போட்டு, திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

திரையில் ஒரு இளம்பெண் ஓட்டைக் குடிசை முன்னால் உட்கார்ந்து அழுதாள். எங்களுக்கு வீடுன்னு ஒண்ணு கிடையாது என்றாள். மூன்று நாள் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். சாக்கக்கா திரைக்கு இன்னும் நெருங்கி நின்றாள். இது முடியட்டும், அடுத்து வரும், நான் வருவேன், என் கதவு வரும்.

கதவு வந்தது. நீலம் அப்படியே பளிச்சென்று இருந்தது. 112 கொட்டை எழுத்தில் தெரிந்தது. கதவோரம், இடுப்பில் குழந்தையோடு, பொத்தான் நின்றாள். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி வெகுநேரம் நின்றாள். பின்னால் சோகமாகச் சங்கீதம் வாசித்தார்கள். அவ்வளவுதான். படம் வேறு சந்துக்குப் போய்விட்டது. கடைசி வரை ஓட விட்டுப் பார்த்தும் சாக்கக்கா மறுபடி வரவில்லை.

மேடம் பின்னால் ஓட்டி, கதவில் நிறுத்தினார். திரையைப் பார்த்தார், பொத்தானைப் பார்த்தார். "இது நீங்கதானே? அப்ப 112 உங்க வீடு. இவ்வளவு தெளிவா ஆதாரம் வச்சுக்கிட்டு ஏம்மா இத்தனை நாளா வரல?"

"மேடம், அது வந்து, அந்தப் படக்காரர்..." என்று சாக்கக்கா பாய்ந்தாள்.

மேடம் கையை உயர்த்தினார். "ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் பேசுங்க. இந்தப் படத்துல இருக்கிறதுல ஏதாவது பொய்னு இதுல வர்றவங்களே சொன்னா, மொத்தப் படத்தையும் நான் ஓரமா வைக்கணும். அப்ப 112 யாருக்கும் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? மரக் கதவைத் தலையில் சுமந்தபோது கழுத்துப் பிடித்து ஒரு வாரம் திரும்ப முடியாமல் கிடந்தவள் அவள். அந்தத் தகரத்தில் ஒவ்வொரு ஆணியும் செத்துப்போன மனுஷன் அடித்தது. அதை இன்னொருத்தி வீடு என்று எப்படிச் சொல்வது? படக்காரரை நினைத்து, தெரிந்த வசவு அத்தனையையும் மனசுக்குள் கொட்டித் தீர்த்தாள்.

தீர்ந்ததும் வேறொன்று கண்ணில் பட்டது. திரையில் நின்ற அந்த இளம் பொத்தான் கேமராவைப் பார்க்கவில்லை. எதிரே பேசுகிறவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னால் சொல்ல முடியாமல் போன தன் வாழ்க்கையை, இன்னொருத்தி தன்னுடையதுபோல் சொல்லி அழுவதையும், தெருவே அவளைப் பார்த்து உருகுவதையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த அழுகையை வைத்துச் சாக்கக்கா இருபது வருஷம் பெருமையடித்திருக்கிறாள். அது யாருடைய பஸ் ஸ்டாண்ட், யாருடைய மூன்று நாள் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதை நினைத்ததும் உடம்பு கூசிற்று.

"இல்ல மேடம்," என்று பொத்தான் வாயைத் திறந்தாள். வாழ்நாளில் முதல்முறையாக முந்திக்கொண்டு பேசுகிறாள். "அது என் வீடு இல்ல, அக்காவோட..."

சாக்கக்கா அவள் கால் கட்டை விரலை அழுத்தி மிதித்தாள். "அக்காவோட வீடு மாதிரியும்தான்னு சொல்ல வர்றா மேடம். அவ்வளவு பாசம். அது அவ வீடுதான். நான்தான் தெருவுல கிடந்தேன். அன்னிக்கு வந்து கேட்டதும் அவளுக்காகத்தான். படத்துல இருக்கிறது அத்தனையும் நிஜம்."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"கொடுக்கிறேன்."

மேடம் படிவம் எடுத்துவர எழுந்து போனார். பொத்தான் சாக்கக்காவின் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள். கண் நெருப்பாக இருந்தது. "யாரைக் கேட்டுக்கா என் தலையில வீட்டைக் கட்டுனே? அண்ணன் அடிச்ச தகரத்துக்கு நான் சொந்தக்காரியா? உன் வாய் உன் இஷ்டம், என் வாயையும் நீயேதான் பேசணுமா?"

"மெதுவாப் பேசுடி, ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிடும்."

"போகட்டும்!"

"நீ எங்கயாவது போகப் போறவ. ஒரு இடத்துக்குப் போயேன்!" என்றாள் சாக்கக்கா. "நான் மக வீட்டுக்குப் போயிக்கிறேன்." மாப்பிள்ளை வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் சோற்றுத் தட்டு சத்தமாகக் கீழே வைக்கப்படும் என்று அவளுக்கும் தெரியும், பொத்தானுக்கும் தெரியும்.

மேடம் வந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "குடும்பத்துல மொத்தம் எத்தனை பேர்?"

சாக்கக்கா நிமிர்ந்து பார்ப்பதற்குள் பொத்தான் சொல்லிவிட்டாள். "ரெண்டு பேர். நானும் எங்க அக்காவும்."

"யாரு, இவங்களா? கூடப் பிறந்த அக்காவா?"

"ஆமா. கூடப் பிறந்தவ."

சொல்லை விழுங்கவில்லை, யோசிக்கவில்லை, ஒரே அறைதானே என்று கணக்குப் பார்க்கவில்லை. மேடம் எழுதிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார். திரையில் இன்னும் நீலக் கதவு நின்றுகொண்டிருந்தது. அவர் முகம் மாறிற்று.

"ஏம்மா, ஒண்ணு கேக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. கூடப் பிறந்தவ நேர் எதிர்ல கூரை இல்லாமக் கிடக்கிறா. நீங்க கதவு வச்ச வீட்டுல இருக்கீங்க. உள்ள வந்து படுன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூப்பிடணும்னு தோணலையா? எப்படிம்மா உங்களுக்குத் தூக்கம் வந்துச்சு?"

அறையில் நின்ற அத்தனை பேரும் பொத்தானைப் பார்த்தார்கள். கேள்வி சாக்கக்காவுக்குத்தான் தைத்தது. படம் எடுத்ததிலிருந்து அந்தக் குடிசை தீயில் போகிறவரைக்கும் பதினோரு வருஷம். பெரிய மழை வந்தால் மாவுச் சாக்கு நாலு எடுத்துப்போய்ப் போர்த்திக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டு, தன்னைப்போல் தாராளம் உண்டா என்று உள்ளே வந்து, கதவைச் சாத்தி, பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். நன்றாகத் தூங்கியிருக்கிறாள். மேடம், அது அவ இல்ல, நான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் வீடு போய்விடும்.

பொத்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"தப்புதான் மேடம்" என்றாள். "அப்போ வயசு அப்படி, புரியல. ஆனா அக்கா அதையெல்லாம் மனசுல வச்சுக்கல."

"நல்ல மனசு அவங்களுக்கு" என்று மேடம் சாக்கக்காவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பேனாவை அவள் பக்கம் நீட்டினார்.

பதில் சொல்லாமல் யார் பேச்சையும் விட்டறியாத சாக்கக்கா ஒன்றும் சொல்லாமல் பேனாவை வாங்கி, மேடம் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.